பைக்குள் ஒரு மழைக்காலம்

"நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்" என்று பெரியவர்கள் சிலரைக் கேலி செய்வதுண்டு. போதிய அனுபவம் இல்லாமல், திடீரென்று தலைதூக்கிப் பெருமை பேசுவோரைக் குறிக்கும் தொடர் அது. காளானைப் பற்றி அறிந்தவர்களுக்கு அந்தத் தொடரைக் கேட்டால் சிரிப்பு வரும். காளான் ஒரே இரவில் உருவாவதில்லை. மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ யாருடைய கண்ணிலும் படாமல் பல வாரங்கள் வேலை நடந்திருக்கும். ஈரமும் காற்றும் ஏற்ற அளவில் சேர்ந்து வரும் ஒரு நாளில்தான் அது வெளியே தலைகாட்டுகிறது. மழை காளானைப் படைப்பதில்லை. வெளியே வரும்படி அழைக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அழைப்பை ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலும் கொடுக்க முடியும். அதற்காகவே காளான் வளர்ப்புப் பைகள் விற்கப்படுகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிடைக்கும் பைகளில் பெரும்பாலும் சிப்பிக் காளானே இருக்கும். விரிந்த சிப்பி ஓட்டைப் போன்ற தோற்றத்தால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. பையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் உள்ளே மண் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது ரப்பர் மரத்தூள். நூறு பங்கு மரத்தூளுக்குப் பத்துப் பங்கு அரிசித் தவிடு, ஒரு பங்கு சுண்ணாம்பு என்பது மலேசியக் காளான் பண்ணைகளில் வழக்கமாகப் பின்பற்றப்படும் அளவு.

ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தரும். பால் வற்றியதும் அதை வெட்டி, மேசை நாற்காலிகள் செய்யப் பயன்படுத்துவார்கள். மர ஆலையில் மிஞ்சும் தூள் காளான் பண்ணைக்குப் போகிறது. தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மரத்தின் தூளில் காளான் வளர்க்கலாம்.

பண்ணையில் இந்தக் கலவையைப் பையில் அடைத்து, நீராவியில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். தூளில் ஏற்கெனவே தங்கியிருக்கும் வேண்டாத பூஞ்சைகள் அப்போது அழிந்துவிடும். பை ஆறியபின் காளான் வித்து இடப்படும். அதிலிருந்து நூலைவிட மெல்லிய வெண்ணிற இழைகள் கிளம்பி, மரத்தூள் முழுவதும் பரவும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். பழுப்பாக இருந்த பை மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக மாறிய பிறகே அது விற்பனைக்கு வருகிறது. ஆகவே, பையை வாங்குபவர் பாதி வேலை முடிந்த நிலையில்தான் அதைப் பெறுகிறார். காளானுக்கு உணவு உள்ளேயே இருக்கிறது, வித்தும் ஊன்றியாகிவிட்டது. எஞ்சியிருப்பது ஒரே வேலைதான். அந்தப் பையைச் சுற்றி ஒரு சிறு மழைக்காலத்தை உண்டாக்க வேண்டும். பலர் தோற்பதும் இந்த இடத்தில்தான்.

தோல்விக்கு முதற்காரணம், காளானைச் செடியாக எண்ணிக்கொள்வது. செடிக்குச் சூரிய ஒளி வேண்டும். வேரில் நீர் ஊற்ற வேண்டும். காளானில் பச்சையம் இல்லை. ஒளியைக் கொண்டு அது உணவு தயாரிப்பதுமில்லை. அதன் இழைகள் மரத்தூளைச் செரித்து உண்கின்றன. மனிதரைப் போலவே அதுவும் உயிர்வாயுவை உள்வாங்கிக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு செய்ய வேண்டியவற்றில் பலவும் தாமாகவே விளங்கிவிடும்.

எந்த அறை?

பையை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் எழும் கேள்வி, அதை எங்கே வைப்பது என்பது. பல வீடுகளில் இப்படி ஓர் உரையாடல் நடக்கக்கூடும்.

"குளிரூட்டி இருக்கிற அறையில வைக்கலாம் பாட்டி. காளானுக்குக் குளிர்ச்சிதானே பிடிக்கும்?" என்று பேரன் கேட்பான்.

"அங்கே வேண்டாம்யா. அந்த அறையில போட்ட ஈரத்துண்டு சீக்கிரமே காஞ்சு போகுது. காளான் மட்டும் காயாதா?" என்பார் பாட்டி.

பாட்டியின் பதிலில் நல்ல அறிவியல் இருக்கிறது. குளிரூட்டி காற்றைக் குளிர்விக்கும்போது, அதிலுள்ள நீராவியையும் பிரித்து வெளியேற்றுகிறது. வீட்டுக்கு வெளியே அதன் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவது அந்த அறையின் ஈரம்தான். காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் இப்போது இருக்கிறது என்பதை ஒப்பு ஈரப்பதம் என்பார்கள். மொட்டுவிடும் சிப்பிக் காளானுக்கு அது 80 முதல் 95 விழுக்காடு வரை தேவை. குளிரூட்டி ஓடும் அறையில் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே பெரிது.

அப்படியானால், குளிரூட்டி இல்லாத அறையில் கவலையே இல்லையா? சிங்கப்பூர் ஈரமான ஊர்தான். விடியற்காலையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால், மழை பெய்யாத நாளின் பிற்பகலில் அது ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், வெயில் ஏற ஏறக் காற்று 'தாகம்' கொள்கிறது. எதிர்ப்படும் ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சும். காலையில் செழிப்பாக இருந்த மொட்டுகள் பள்ளி விட்டு வருவதற்குள் சுருங்கிப் போவதற்கு இதுவே காரணம்.

இலையின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு உண்டு. அது நீரிழப்பைக் குறைக்கிறது. காளானுக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. அதன் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். குண்டூசித் தலை அளவில் தோன்றும் மொட்டுக்குள் காளானின் உருவம் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. பிறகு அதன் செல்கள் நீரை ஏற்றுக்கொண்டு பலூன்போல உப்புவதால்தான் ஒரே நாளில் அது இரு மடங்காகப் பெருக்கிறது. அந்த நேரத்தில் ஈரம் குறைந்தால் மொட்டின் நுனி பழுப்பாகிக் காய்ந்துவிடும். பல மொட்டுகளில் சில மட்டும் வளர்ந்து மற்றவை நின்றுபோவது இயல்பு. அதற்காக வருந்த வேண்டியதில்லை. எல்லாமே காய்ந்தால்தான் காற்றில் ஈரம் போதவில்லை என்று பொருள்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, இங்குள்ள பண்ணைகள் விற்கும் சாம்பல் நிறச் சிப்பிக் காளானும் இளஞ்சிவப்புச் சிப்பிக் காளானும் வெப்பநாட்டுக்கு ஏற்றவை. 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை அவற்றுக்குச் சிரமம் இல்லை. குளிர்நாடுகளிலிருந்து இணையம்வழி வாங்கும் சில வகைகளுக்கு 18 பாகைக்கும் குறைவான குளிர் வேண்டும். அவற்றை வாங்கிவிட்டு, மொட்டே வரவில்லை என்று பையைக் குறைகூறுவது நியாயமன்று. ஒளியும் வேண்டும், நாளிதழ் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். உணவுக்காக அன்று, எந்தப் பக்கம் வளர வேண்டும், குடையை எப்படி விரிக்க வேண்டும் என்று காளானுக்குக் குறிப்புக் காட்டுவதற்காக. நேர் வெயில் மட்டும் படக்கூடாது.

மூச்சும் ஈரமும்

காற்றில் ஈரம் குறைவு என்று தெரிந்ததும் பலரும் செய்வது, தெளிப்பானை எடுத்துக் காளான்மீது நேராகப் பீய்ச்சுவது. பார்ப்பதற்கு அது அக்கறையான செயல்போல் தோன்றும். ஆனால், காளானுக்குத் தேவை நீர்த்துளி அன்று, ஈரக்காற்று. குடையின்மேல் துளிகள் நெடுநேரம் தங்கினால், அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் பெருகும். மஞ்சளும் பழுப்புமாய்ப் புள்ளிகள் தோன்றி, தொட்டால் வழுவழுவென்று ஒட்டும். அந்தக் காளானைச் சமைக்க யாருக்கும் மனம் வராது.

இதற்கு ஓர் எளிய தீர்வு உண்டு. பையைச் சுற்றி நான்கு சத்தே குச்சிகளை நிறுத்தி, அவற்றின்மேல் பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தால் ஒரு கூடாரம் கிடைத்துவிடும். நீரைக் கூடாரத்தின் உட்சுவரில் தெளிக்க வேண்டும். சுவரிலுள்ள துளிகள் மெல்ல ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றை ஈரமாக்கும். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். வெயில் கடுமையான நாளில் பிற்பகலில் இன்னொரு முறை தெளிக்கலாம். மலேசியப் பண்ணைகளில் பைகளை அலமாரிகளில் படுக்கை வசமாக அடுக்கிவைத்து, கொட்டகையின் தரையை நனைப்பதும் இதே நோக்கத்தோடுதான்.

ஆனால், கூடாரத்தோடு ஒரு புதிய சிக்கலும் வந்துசேர்கிறது. ஈரம் வெளியேறாதபடி மூடினால், கரியமில வாயுவும் வெளியேறாது. காளான் மூச்சுவிடும் உயிர் அல்லவா? வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. அது ஆயிரத்தைத் தாண்டும்போது சிப்பிக் காளானின் உருவம் மாறத் தொடங்கும். தண்டு நீளும், குடை சிறுத்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு இருவர் உறங்கும் படுக்கையறையிலும் விடிவதற்குள் அந்த அளவு எளிதில் வந்துவிடும். மரப்பொந்துக்குள் முளைத்த காளான், திறந்த வெளியை எட்டும்வரை தண்டை நீட்டிக்கொண்டே போனால்தானே பிழைக்கும்! கூடாரத்துக்குள்ளும் அது அதையே செய்கிறது.

ஸ்டீம்போட்டில் போட்டு உண்ணும் எனோக்கிக் காளானைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெண்ணிற நூல்கட்டுபோல நீண்ட தண்டுகளும், பொட்டு அளவு தலைகளும் கொண்டது அது. இருட்டில், கரியமில வாயு மிகுந்த சூழலில் வேண்டுமென்றே வளர்ப்பதால்தான் அதற்கு அந்த உருவம் கிடைக்கிறது. காட்டில் வளரும் எனோக்கி பழுப்பு நிறக் குடையோடு வேறொரு காளானாகவே தோன்றும். எனோக்கிக்கு விரும்பிக் கொடுக்கும் சூழலைச் சிப்பிக் காளானுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டால், கிடைப்பது குடையில்லாத வெறும் தண்டுகள்.

ஆகவே, கூடாரத்தின் பக்கங்களில் சில துளைகள் இட வேண்டும். காலையிலும் மாலையிலும் அதைத் தூக்கி, ஓர் அட்டையால் சில முறை விசிறிவிடுவது நல்லது. கரியமில வாயு காற்றைவிட அடர்த்தியானது என்பதால், துளைகளில் சிலவாவது கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். அதற்காக மின்விசிறியை நேராகத் திருப்பிவைத்தால் சேர்த்த ஈரமெல்லாம் போய்விடும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. காளான் வளர்ப்பின் உண்மையான சவால் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. அதற்கு நிலையான விடை எதுவும் இல்லை. ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, வீடு எத்தனையாவது மாடியில் இருக்கிறது, அன்று மழையா வெயிலா என்பதற்கேற்ப விடை மாறும்.

சிலர் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது உதவும். ஆயினும், மலிவான கருவிகள் ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ காட்டக்கூடும். காளானின் உருவத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது அதைவிடப் பயனுள்ளது. குடையின் விளிம்பு வெடித்தால் காற்று உலர்ந்திருக்கிறது. தண்டின் அடியில் பஞ்சுபோல வெண்மை படர்ந்தாலோ, தண்டு மட்டும் நீண்டாலோ காற்றோட்டம் போதவில்லை. குடையில் பழுப்புப் புள்ளிகள் தென்பட்டால் நீர் அதிகம். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், எது பயன் தந்தது என்று கடைசிவரை தெரியாது. தேதி, தெளித்த நேரம், கண்டது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் மாணவர், இரண்டாவது பையை முதல் பையைவிட நன்றாக வளர்ப்பார்.

தட்டில் தேங்கும் நீர்

பைக்குக் கீழே வைக்கும் தட்டை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. நாள்தோறும் தெளிக்கும் நீரில் ஒரு பகுதி வடிந்து அதில் தேங்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதற்கு 20 காசு நாணயம் அளவு நீரே போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகும். காளான் மொட்டுவிட்டு வளரவும் அதே ஒரு வாரம், பத்து நாள்தான். கவனிக்காமல் விட்டால், ஒரே இடத்தில் இரண்டு அறுவடைகள் நடக்கும்! சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடுகளைச் சோதிக்கும்போது இத்தகைய தட்டுகளையும் பார்ப்பார்கள். கொசு உற்பத்தியாகியிருந்தால் அபராதம் உண்டு. அபராதத்தைவிட, மேல்வீட்டுக் குழந்தைக்கோ பக்கத்து வீட்டு முதியவருக்கோ வரக்கூடிய காய்ச்சல் பெரிய விஷயம். தட்டிலுள்ள நீரை நாள்தோறும் கொட்டித் துடைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஈரமும் சர்க்கரைச் சத்தும் உள்ள இடத்தைத் தேடி மற்றப் பூஞ்சைகளும் வரும். வெள்ளைப் பரப்பில் பச்சைத் திட்டு தோன்றி நாளுக்கு நாள் பெருகினால், அது டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சையாக இருக்கலாம். வெப்பநாடுகளில் ஆரஞ்சு நிறப் பூஞ்சையும் மரத்தூள் பைகளில் வருவதுண்டு. அதன் தூள் காற்றில் மிக விரைவாகப் பரவும். இத்தகைய பையைக் கிளறிப் பார்க்கக்கூடாது. அதை அப்படியே இன்னொரு பையில் போட்டு இறுகக் கட்டி, குப்பையில் சேர்த்துவிட வேண்டும். பாதியையாவது காப்பாற்றலாம் என்று தோன்றும்தான். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் ஒருவர் இருந்தால், அந்தப் பாதிக் காளானுக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

பறிக்கும் நாள்

எல்லாம் சரியாக அமைந்தால், மொட்டு தோன்றிய மூன்று முதல் ஐந்து நாளில் காளான் பறிக்கும் பருவத்தை அடையும். எப்போது பறிப்பது என்பதற்குக் கடிகாரம் உதவாது. குடையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுவது நல்லது. அது நேராகி மேல்நோக்கித் திரும்பிவிட்டால், காளான் வித்துத்துகள்களைக் கொட்டத் தொடங்கியிருக்கும். காலையில் மேசையின்மேல் வெள்ளை மாவு தூவியதுபோல் காணப்படுவது அதுதான். மூடிய அறையில் அதை நாள்கணக்கில் சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதன்று. காளான் பண்ணைத் தொழிலாளர்கள் முகக்கவசம் அணிவது இதற்காகவே. இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று ஒரு நாள் காத்திருப்பதால் எடை சிறிது கூடலாம். சுவையும் மென்மையும் குறைந்துவிடும்.

கொத்தின் அடியைப் பிடித்து மெல்லத் திருகினால் முழுக்கொத்தும் கையோடு வந்துவிடும். அடிக்கட்டை பையில் தங்கினால் அழுகும். அதைத் தூய்மையான கரண்டியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். காளானைப் பச்சையாக உண்ணாமல் நன்கு சமைத்தே உண்ண வேண்டும். மிளகு, வெங்காயம் சேர்த்து வதக்கினாலே போதும் என்பது பலரின் கருத்து.

முதல் அறுவடைக்குப்பின் பை வெறுமையாகத் தெரியும். ஆயினும், உள்ளே இழைகள் அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். ஒன்று அல்லது இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு, பையைச் சில மணி நேரம் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, நீரை நன்றாக வடித்தால் மீண்டும் மொட்டுகள் வரும். காளானோடு வெளியேறிய நீரைத் திருப்பிக் கொடுக்கும் முறை இது. இரண்டாம் அறுவடை முதலைவிடக் குறைவாக இருக்கும்; மூன்றாவது அதைவிடக் குறைவு. ஒரு கட்டத்தில் பை கையில் எடுக்கும்போதே இலேசாகத் தெரியும். மரத்தூளில் ஒரு பகுதி காளானாகி உணவுத்தட்டுக்குப் போயிருக்கும். இன்னொரு பகுதி கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்திருக்கும்.

மிஞ்சிய தூளை உதிர்த்து, தாழ்வாரத்துப் பூந்தொட்டி மண்ணோடு கலக்கலாம். அடுத்த பெருமழைக்குப் பிறகு அந்தத் தொட்டியில் ஏதேனும் காளான் தலைகாட்டினால், அது பையிலிருந்து வந்த சிப்பிக் காளானாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடக்கூடாது. மழைக்குப்பின் இங்குள்ள புல்வெளிகளில் வெள்ளைக் குடையாக விரியும் குளோரோஃபிலம் மாலிப்டைட்டிஸ் என்னும் காளான், பார்ப்பதற்குக் கடைக்காளானைப் போலவே சாதுவாக இருக்கும். அதை உண்டவர்களுக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். முதிர்ந்த குடையின் அடிப்புறம் பச்சை சாயலாக மாறுவது அதன் அடையாளம்; இளங்காளானில் அந்த அடையாளமும் இராது. பையில் தாமே வளர்த்ததை மட்டும் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, தொட்டியில் தானாக வந்ததைப் பார்த்து ரசிப்பதோடு விட்டுவிடலாம்.